தனித்து நில்லாத முனைகள்

ஒத்த காந்த முனைகள் ஒன்றையொன்று விலக்கும், எதிர் முனைகள் ஈர்க்கும் என்னும் விதி பள்ளிப் பருவத்திலேயே கற்பிக்கப்படுவதால், மேற்கொண்டு விளக்கம் எதுவும் வேண்டாத செய்தியாகவே அது பலரின் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆயினும், முனை எனப்படுவது உண்மையில் யாது, அது ஏன் தனியே கிடைப்பதில்லை என்னும் வினாக்களுக்கு விடை கிட்ட 500 ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

பிரெஞ்சு அறிஞர் பீட்டர் பெரெக்ரினஸ், தென் இத்தாலியில் லூசேரா நகரை முற்றுகையிட்டிருந்த படையின் பாசறையிலிருந்து 1269 ஆகஸ்டில் எழுதிய மடலே இத்துறையின் முதற்பெரும் ஆவணமாகும். உருண்டையாக இழைத்த காந்தக்கல்லின் மீது இரும்பு ஊசியை வைத்து, அது நிற்கும் திசைகளைக் கோடுகளாக வரைந்த அவர், அக்கோடுகள் எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் கூடுவதைக் கண்டு அவற்றை முனைகள் என அழைத்தார். நீரில் மிதக்கவிட்ட காந்தக்கல்லை மற்றொரு கல்லால் ஈர்த்தும் விலக்கியும் காட்டியதோடு, கல்லை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைகள் அமைவதையும் அவர் பதிவு செய்தார். புவியே ஒரு பெரிய காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் 1600இல் நிறுவினார். திசைகாட்டி ஊசியின் வடக்கு நோக்கும் முனையை வடமுனை என்று கொள்வதால், அதனை ஈர்க்கும் வடதுருவப் பகுதியில் இருப்பது காந்த இயல்பின்படி தென்முனையே என்பதும் இதனால் விளங்குகிறது.

விசையின் அளவை 1785இல் முறுக்குத் தராசைக் கொண்டு ஆராய்ந்த கூலோம், இரு முனைகளுக்கு இடையிலான விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று கண்டார். மறுமுனையின் குறுக்கீட்டைக் குறைப்பதற்காக அவர் மெல்லிய நீண்ட காந்தங்களைப் பயன்படுத்தினார். இரண்டு முழுக் காந்தங்கள் நெடுந்தொலைவில் இருக்கும்போது, நான்கு முனைகளின் ஈர்ப்பும் விலக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், தொலைவு இரட்டித்தால் எஞ்சும் விசை பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஈர்ப்பைக் காட்டிலும் விலக்கமே உறுதியான சான்று என்பது இங்குக் கருதத்தக்கது. காந்தத்தன்மை இல்லாத ஆணியை வடமுனைக்கு அருகே கொணர்ந்தால், அதன் அண்மை நுனியில் தென்முனையும் சேய்மை நுனியில் வடமுனையும் தூண்டப்பட்டு, அண்மையில் உள்ளதன் ஈர்ப்பே விஞ்சி நிற்பதால், ஆணி இழுக்கப்படுகிறது. தென்முனையைக் காட்டினாலும் விளைவு இதுவே. ஆகவே, ஒரு பொருள் ஈர்க்கப்படுவதைக் கொண்டு மட்டும் அது காந்தம் என்று முடிவு செய்தல் இயலாது. இரும்புப் பொருள் ஒன்று விலக்கப்பட்டால் ஐயமின்றி அது காந்தமே. ஆனால் வலிமை மிக்க காந்தம் ஒன்றை மிக அருகில் கொண்டுசென்றால், எளிய காந்தத்தின் முனை தலைகீழாக மாறி, விலக்கம் ஈர்ப்பாகிவிடக் கூடும் என்பதால், இச்சோதனையைத் தொலைவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று ஓர்ஸ்டெட் கண்ட 1820ஆம் ஆண்டிலேயே, ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இணைகம்பிகள் ஈர்ப்பதையும் எதிர்த்திசையில் பாய்பவை விலக்குவதையும் ஆம்பியர் நிறுவியது இவ்வரலாற்றின் மிக நுட்பமான திருப்பம் எனலாம். மின்னோட்டம் வட்டமாகச் சுழலும் கம்பி வளையத்தை ஒருபுறமிருந்து நோக்கினால் ஓட்டம் இடஞ்சுழியாகவும், மறுபுறமிருந்து நோக்கினால் வலஞ்சுழியாகவும் தோன்றும். முன்னது வடமுனை, பின்னது தென்முனை. எதிர் முனைகள் நேர்நோக்கும்படி இரண்டு வளையங்களை வைத்தால் ஓட்டங்கள் ஒரே திசையில் அமைந்து ஈர்க்கின்றன. ஒத்த முனைகள் நேர்நோக்கினால் ஓட்டங்கள் எதிராகி விலக்குகின்றன. முனை என்பது தனிப்பொருள் அன்று, ஒரு சுழற்சியின் பக்கமே என்பதும், நாணயத்தைச் சீவினாலும் இரு பக்கங்கள் எஞ்சுவது போல காந்தத்தை எத்தனை முறை வெட்டினாலும் இரு முனைகள் எஞ்சுவதன் காரணமும் இதனால் தெளிவாகின்றன.

இரும்பில் இச்சுழற்சியின் இடத்தை வகிப்பது பெரும்பாலும் எலக்ட்ரானின் தற்சுழற்சி என்னும் குவாண்டம் பண்பு ஆகும். அது பருப்பொருள் சுழல்வதைப் போன்றதன்று எனினும், எலக்ட்ரான் ஒவ்வொன்றையும் இருமுனைகள் கொண்ட நுண்காந்தமாக்குகிறது. அந்நுண்காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுப்பதே காந்தத்தின் வலிமை. 770 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமூட்டினால் அணிவகுப்புக் குலைந்து இரும்பு நிலைகாந்தப் பண்பை இழக்கிறது.

தனிமுனை இருப்பதற்குக் குவாண்டம் கோட்பாட்டில் தடையில்லை என்று டிராக் 1931இல் காட்டினார். 1982 பிப்ரவரியில் இயற்பியலாளர் பிளாஸ் கப்ரேராவின் கருவியில் தனிமுனையைச் சுட்டுவது போன்ற குறிகை ஒருமுறை பதிவாகியது. அதன்பின் அது மீண்டும் தோன்றவில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெருந்துகள் முடுக்கியில் மேற்கொள்ளப்பட்ட தேடலிலும் தனிமுனை இதுவரை அகப்படவில்லை.