குமாஸ்தா குடியிருந்த மாளிகை

லண்டன் மாநகரின் மேற்கே மேஃபேர் என்றொரு பேட்டை. செல்வந்தர்களின் இருப்பிடம். 1720-க்கும் 1750-க்கும் இடையே எழுந்த வீடுகள் சில இன்றும் அங்கே நிற்கின்றன. தெருவில் நின்று பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றந்தான். தூண் வரிசை கிடையாது, திண்ணை கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் சுவர், வரிசையாக ஜன்னல்கள், ஒரு கதவு. பெரும்பாலானவை அவ்வளவே.

இந்த அடக்கத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1666-ல் பெருந்தீ லண்டனை அழித்தது. மர இறவாரத்தைப் பற்றி நெருப்பு வீட்டுக்கு வீடு தாவுகிறதென்று 1707-ல் அதற்குத் தடை வந்தது. கூரையின் விளிம்பை மறைத்துக் கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள். 1709-ல் இன்னொரு சட்டம்: ஜன்னல் சட்டத்தைச் சுவரின் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அதனால் ஜன்னலைச் சுற்றி மெல்லிய நிழல் விழுந்தது. பிற்காலத்தார் புகழும் அழகில் பாதி அந்த நிழல்தான்!

ஜன்னலின் உயரத்தைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். முதல் மாடியில் நெடிய ஜன்னல்கள்; விருந்தினரை வரவேற்கும் கூடம் அங்கே. மேலே போகப் போக ஜன்னல் சிறுக்கும். கூரைக்கடியில் வேலைக்காரர்களின் படுக்கை. சமையல் தரைக்குக் கீழே. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு பள்ளம், இரும்புக் கம்பி வேலி. எஜமானர் வாசற்படி ஏறுவார். பணியாள் பள்ளத்துப் படியில் இறங்குவான்.

இதே பேட்டையில் பெர்க்லி சதுக்கத்து 45-ஆம் எண் வீடு நம்மவர்களுக்கும் சம்பந்தமுள்ளது. 1740-களில் எழுந்தது. இதற்குச் செங்கல் முகப்பல்ல, கல் முகப்பு. இங்கே குடியிருந்தவர் ராபர்ட் கிளைவ். 1744-ல், 18 வயதில், சென்னைக் கோட்டைக்கு வந்து இறங்கியபோது அவர் கம்பெனியின் சாதாரணக் குமாஸ்தா. ஆண்டுச் சம்பளம் 5 பவுன். கணக்கெழுதிச் சலித்துத் துப்பாக்கியைத் தூக்கினார். 1757-ல் பிளாசிப் போர் முடிந்ததும் வங்காள நவாபிடமிருந்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2,34,000 பவுன். பழைய சம்பளத்தில் அதைச் சேர்க்க 46,800 ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும்!

அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்டது பார்லிமெண்ட். 1773-ல் பலத்த விவாதத்துக்குப் பின் தப்பினார். மறு ஆண்டு நவம்பர் 22-ம் தேதி இதே வீட்டில் இறந்தார். வயது 49. தற்கொலை என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள்.

சுவரில் ஒரு பலகை இருக்கிறது. இந்தியாவின் கிளைவ், படைவீரர், நிர்வாகி, இங்கே வாழ்ந்தார் என்கிறது. குமாஸ்தா என்று அதில் இல்லை.