வேடமும் வெளிவேடமும்

குன்றத்தூர் மலைப்படிகளில் அமர்ந்து கீழே நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். சரிவில் அமர்ந்தால் முன்னிருப்பவர் தலை நம் பார்வையை மறைப்பதில்லை. பண்டைய கிரேக்கர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகர மக்கள் அக்ரோப்போலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் அமர்ந்தே நாடகம் கண்டனர். அது வெறும் பொழுதுபோக்கன்று. தியோனீசியுஸ் என்னும் தெய்வத்திற்கு எடுத்த விழாவின் பகுதி.

அவர்தம் துன்பியல் நாடகங்களில் பேசும் நடிகர் மூவரே. முகமூடிகளை மாற்றி அம்மூவரும் பல பாத்திரங்களை ஏற்பர். பெண் வேடமும் ஆடவர்க்கே உரியது. 15 பேர் கொண்ட பாடற்குழு ஆடிப்பாடிக் கதையை விளக்கும். கொலையைப் பெரும்பாலும் மேடையில் காட்டுவதில்லை. தூதன் வந்து உரைப்பான்.

இவற்றுட் பல நமக்குப் புதியன அல்ல. நம் தொண்டை நாட்டில், திரௌபதி அம்மன் விழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைக் கண்டவர் இதனை அறிவர். அங்கும் மரபுப்படி ஆடவரே பாஞ்சாலி வேடம் கட்டுவர். பாடற்குழுவுக்கு இணையாகப் பின்பாட்டுக்காரர் உண்டு. கதையை இணைக்கக் கட்டியங்காரன் உண்டு. முகமூடிக்கு ஈடாக அரிதாரமும் கிரீடமும் புஜக்கட்டையும் உண்டு. ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, கிரேக்க நாடக ஆய்வில் புகழ்பெற்ற ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று, பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்து, 1970-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

கிரேக்க மொழியில் நடிகனுக்கு 'ஹுப்போக்ரிட்டேஸ்' என்று பெயர். மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில், பிறர் காணத் தருமம் செய்வோரையும், செபிப்போரையும், நோன்பிருப்போரையும் நம் ஆண்டவர் கண்டிக்குமிடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் இதுவே. 'வெளிவேடக்காரர்' என்று நம்மவர் அதனைத் தமிழாக்கியது எத்துணைப் பொருத்தம்!

ஆனால் கூத்தன் எவரையும் ஏமாற்றுவதில்லை. ஊரறிய வேடம் கட்டுகிறான். பொழுது விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தன் வேலைக்குச் செல்கிறான். வெளிவேடக்காரனோ கழுவுவதே இல்லை.

ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் இரவு முறை வேலை முடித்து வரும் தந்தை சீருடையைக் களைகிறார். ஆலயத்தில் கைகூப்பி நின்றபோது பூண்ட முகத்தையும் அதனோடு களைந்துவிடுகிறாரா? அங்கே சாந்தமே வடிவாக நின்றவர் இல்லத்தில் மனைவியை ஏசினால், அதனை முன்வரிசையில் இருந்து காண்பவர் பிள்ளைகள். அவர்கள் கற்றுக்கொள்வது நாம் சொல்லிக்கொடுத்த மந்திரங்களை மட்டுமல்ல, நம் நடிப்பையும்தான். தாய்மார்க்கும் இது பொருந்தும்.

விபூதிப் புதனன்று திருச்சபை வாசிப்பது அந்த 6-ஆம் அதிகாரத்தையே. நோன்பிருப்பவன் முகத்தைக் கழுவிக்கொள்ளட்டும் என்பது அங்கே ஆண்டவர் தரும் கட்டளை. அரிதாரம் கழுவும் இடம் நமக்கும் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் முழந்தாளிடுவது அதற்காகத்தான்.