கணினியைத் துயிலெழுப்புதல்

மின்விசையைத் தட்டிய அளவிலேயே கணினி விழித்துக்கொள்கிறது என்று எண்ணுவோர் பலர். உண்மை அஃதன்று. விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள் அப்பொழுது வட்டில் உறங்குகின்றன. அவற்றை நினைவகத்திற்குக் கொணர ஒரு நிரல் வேண்டும். அந்நிரலோ அவ்வட்டிலேயே கிடக்கின்றது! இச்சிக்கலை அவிழ்ப்பதே பூட்லோடர் என்னும் தொடக்க நிரலாகும். தன் காலணி வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கினின்றும் 'பூட்' என்னும் இச்சொல் பிறந்தது.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியின் வழிவந்த பொறிகளில், முதலில் இயங்குவது பயாஸ் என்னும் சிறு நிரல். அது வட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுகளை மட்டும் படித்து, ஆட்சியை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். அவற்றுள்ளும் 64 பைட்டுகள் வட்டின் பாகப்பிரிவினை அட்டவணைக்கும், 2 பைட்டுகள் முத்திரைக்கும் உரியன. ஆகவே நிரலுக்கு 446 பைட்டுகளுக்கு மேல் இடமில்லை. அச்சிற்றிடத்தில் இயங்குதளத்தை எழுப்பும் வித்தை முழுவதும் அடங்குமோ? அடங்காது. ஆதலின் அச்சிறு நிரல் வட்டில் பிறிதோரிடத்திலுள்ள பெரிய நிரலை அழைக்கும். அதுவே இயங்குதளத்தைக் கொணரும்.

பென் டிரைவ் எனப்படும் விரலியையும் கணினி ஒரு வட்டாகவே கருதும். லினக்ஸின் கோப்புகளை அதில் படியெடுத்துவிட்டால் போதாதோ எனின், பயாஸ் கணினிக்குப் போதாது. முதற்கூறு எக்கோப்பிற்கும் உரியதன்று; படியெடுக்கும் கட்டளை அதனைத் தீண்டுவதில்லை. சிஸ்லினக்ஸ் போன்ற தனி நிரலைக் கொண்டே அங்கு எழுதவேண்டும். ஒவ்வொரு முறையும் இதற்குரிய கட்டளைகளைத் தட்டச்சிடுதல் தொல்லை. ஆதலால் அவற்றை வரிசையாக ஒரே கோப்பில் எழுதிவைப்பர். இதுவே பேட்ச் கோப்பு. ஒருமுறை சொடுக்கினால், வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும்.

இங்கேதான் இடர் உள்ளது. விண்டோஸ் வட்டுகளைச் சி, டி, ஈ என்று எழுத்திட்டு அழைக்கும். ஒரு கணினியில் ஈ எனப்பட்ட விரலி, மற்றொன்றில் எஃப் ஆகலாம். அங்கு ஈ என்பது வீட்டுக் கணக்கும் படங்களும் நிறைந்த உள்வட்டின் ஒரு பகுதியாக இருக்கலாம். பேட்ச் கோப்பு இதனை ஆராயாது. எழுதப்பட்ட எழுத்தையே நம்பும். உள்வட்டின் முதற்கூறு இவ்வாறு மாற்றி எழுதப்படின், மறுநாள் அக்கணினி எழும்பாது.

ஸ்லாக்ஸ் என்னும் லினக்ஸின் பழைய பேட்ச் கோப்பில் இதற்கொரு நல்ல சூழ்ச்சி உண்டு. அது எந்த எழுத்தையும் முன்கூட்டியே கொள்வதில்லை. தான் இருக்கும் வட்டில் ஓர் அடையாளக் கோப்பை இட்டு, பின்னர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவ்வடையாளம் எங்கே தென்படுகிறது என்று தேடும். தன் வீட்டு வாயிலில் கோலமிட்டுவிட்டுத் தெருவில் அதனைத் தேடி வருவது போன்றது இது. ஆயினும் ஒருவர் அக்கோப்புகளை உள்வட்டிலேயே படியெடுத்து இயக்கினால், அடையாளமும் அங்கேயே அகப்படும்! அதனால்தான் எழுதுமுன் அது நின்று, விண்டோஸ் எழும்பாமற் போகக்கூடும் என்று எச்சரிக்கின்றது. அவ்வரியைப் படியாமலே விசையை அழுத்துவோரும் உளர்.

யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் அமைந்த புதிய கணினிகளில் முதற்கூற்றில் நிரல் எழுதவேண்டியதில்லை. ஃபேட் என்னும் அமைப்புடைய விரலியில், குறித்த இடத்தில், குறித்த பெயருடைய தொடக்கக் கோப்பு இருந்தாற் போதும். அங்குப் படியெடுத்தலே நிறுவுதலாகிவிடுகின்றது.