உங்களுக்குத் தெரியுமா? மலையாற்றை அளக்கச் சமையல் உப்பு!

ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் சராசரி வேகத்தால் பெருக்கினால், விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடுகிறது என்பது கிடைத்துவிடும். ஆழம் குறைந்த ஆறுகளில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் வேகமானியை இறக்குவார்கள். அங்குள்ள வேகமே ஏறக்குறைய சராசரி.

பாறைகளில் மோதி நுரைத்து இறங்கும் மலையாற்றில் இது எடுபடாது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் சுழன்று எதிர்த்திசையில்கூட ஓடும். அடித்தளமோ ஒரே மேடுபள்ளம். அங்கே கைகொடுப்பது உப்பு. எடைபோட்ட உப்பை வாளி நீரில் கரைத்து, ஒரே வீச்சில் ஆற்றில் ஊற்றுகிறார்கள். அது முழுதும் கலந்துவிடும் தொலைவில், கீழே மின்கடத்துதிறன் மானி காத்திருக்கும். அதன் எண் சட்டென ஏறி, உச்சம் தொட்டு, மெதுவாகப் பழைய நிலைக்கு இறங்கும். அந்த எண்களை உப்புச் செறிவாக மாற்றி வரைபடமாக்கி, உப்பின் எடையை வளைகோட்டின் கீழுள்ள பரப்பால் வகுத்தால் நீரோட்டம் தெரிந்துவிடும். வேகமானியைத் தோற்கடித்த அதே கொந்தளிப்புதான் உப்பைச் சீராகக் கலக்கிறது. இம்முறையின் அழகே அதுதான்.

அளக்கும் நேரமும் முக்கியம். கங்கோத்ரி பனியாற்றில் பிறக்கும் பாகீரதியின் மேற்பகுதியில், கோடையில் வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் காலையில் குறைவாகவும் மாலையில் மிகுதியாகவும் நீர் வரும். எனவே ஒரே நாளில் பல முறை அளக்க வேண்டியிருக்கிறது.