தாலாட்டுக்குக் காசு வேண்டாம்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, ஓலைக் கொட்டில்களில் குடியேறின. "கவலையில் தாலாட்டு வாய்க்கு வருவதில்லை" என்று அப்படி வந்த தாய்மார் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை, சகோதரிகளே. பிள்ளை கருவிலேயே தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்ததும் அதை இனங்காண்கிறது. ஸலவாத்தோ, தேவாரமோ, வெறும் முணுமுணுப்போ, தாழ்ந்த குரலில் ஒரே சீராகச் சொன்னால் போதும்.

கடலிரைச்சல் போன்ற சீரான ஓசையும் உதவும். 1990இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய இரைச்சலைக் கேட்ட 20 சிசுக்களில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கினர். கேட்காத 20 பேரில் உறங்கியவர்கள் 5 பேரே.

ஆனால் கைத்தொலைபேசியில் ஓசையைப் போட்டு ஏணைக்குள் வைக்காதீர்கள். உரத்த ஓசை பிஞ்சுக் காதைப் பாதிக்கும். தூரத்தில் மெதுவாக ஒலிக்கட்டும். பிள்ளை உறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

மெதுவாகப் பாடும்போது நமது மூச்சும் நீளும், படபடப்பும் தணியும். அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் ஆறாமல் அழுகை வந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பிள்ளையைப் போல நமக்கும் உறக்கம் வேண்டும்.