புற்றுநோய் மருந்தும் நோயாளியின் உணவும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரைப் பார்க்கச் செல்லும் உறவினர் வெறுங்கையுடன் செல்வதில்லை. பழங்கள், சத்துமா, யாரோ சொன்ன மூலிகைச் சாறு, வெளிநாட்டிலிருந்து வந்த சத்து மாத்திரை என ஏதேனுமொன்று கையில் இருக்கும். அன்பின் பேரில் வழங்கப்படும் இவற்றுட் சில, வைத்தியர் அளந்து கொடுத்த மருந்தின் அளவையே மாற்றிவிட வல்லவை என்பதை எம்மிற் பலர் அறியார்.

1989 இல் கனடாவில் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தற்செயலாகவே வெளிப்படுத்தியது. இரத்த அழுத்த மருந்தொன்றுக்கும் மதுசாரத்துக்குமிடையிலான தொடர்பை ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவையை மறைப்பதற்காகக் கிரேப் புரூட் பழச்சாற்றைப் பயன்படுத்தினர். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் உயர்ந்தது. காரணம் மதுவன்று, பழச்சாறே. குடற்சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியமொன்றை அப்பழம் செயலிழக்கச் செய்கின்றது. சிதையாத மருந்து இரத்தத்தில் மிகையாகச் சேர்கின்றது. ஒரு குவளைச் சாற்றின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் இமாட்டினிப், நிலோட்டினிப் போன்றவை இதே நொதியத்தினாலேயே சிதைக்கப்படுகின்றன. கிரேப் புரூட் எமது சந்தைகளில் அரிது. ஆனால் அதற்கு நெருங்கிய இனமான ஜம்போலா அரிதன்று.

எதை உண்பது என்பதைப் போலவே எப்போது உண்பது என்பதும் முக்கியமானது. கெப்பசிட்டபைன் மாத்திரையை உணவருந்தி 30 நிமிடங்களுக்குள் உட்கொள்ள வேண்டும். புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கான அபிராட்டெரோனோ வெறும் வயிற்றுக்குரியது. கொழுப்பு மிகுந்த உணவுடன் அதனை உட்கொண்டால் உடலிற் சேரும் மருந்து சுமார் 10 மடங்காகக்கூடும். இத்தகைய அறிவுறுத்தல், நோயாளிக்கு விளங்காத மொழியில் மருந்து உறையின் மீது கிறுக்கப்படுமாயின் அது எழுதப்படாமைக்குச் சமமே. தமிழில் எழுதித் தருமாறு கேட்பது நோயாளியின் உரிமை, சலுகையன்று.

இவற்றைக் கேட்டு அஞ்சி, கண்டதையெல்லாம் விலக்கிப் பத்தியம் காப்பதும் தவறு. சிகிச்சைக் காலத்தில் உடல் மெலிவதே பெரும் ஆபத்து. கறிக்கு இடும் மஞ்சளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அதே மஞ்சளின் சாரத்தைச் செறிவாக்கி அடைத்த குளிசைகள் வேறு விடயம். அவற்றால் ஈரல் பாதிப்புற்றோர் உள்ளனர். மனச்சோர்வுக்கென விற்கப்படும் சென் ஜோன்ஸ் வோர்ட் மூலிகையோ நேர்மாறானது: இமாட்டினிப் போன்ற மருந்துகளை உடல் விரைந்து வெளியேற்றச் செய்து, சிகிச்சையின் பலனைக் குறைத்துவிடும்.

நாட்டு வைத்தியம் செய்வதை நோயாளிகள் வைத்தியரிடம் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஏச்சு வாங்க நேரிடும் என்ற அச்சமே. ஆகவே பொறுப்பு இரு தரப்பினருக்கும் உரியது. வைத்தியர் கடிந்துகொள்ளாது கேட்க வேண்டும். நோயாளியோ, வீட்டில் உட்கொள்ளும் கசாயப் போத்தல், சத்துமாப் பெட்டி, குளிசைப் புட்டி அனைத்தையும் ஒரு பையிலிட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுசென்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுதல் வேண்டும்.