குடைச் செல்களும் ஒரு பழுப்பு நிறமும்

தொடர் – 11

ஃபிராங்ஃபர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-ல் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயம் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்த சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருந்தது. அனிலீன்தான் காரணம் என்று அவர் நினைத்தார். சாயத் தொழிலில் புழங்கிய பென்சிடின், பீட்டா நாப்தைலமீன் போன்றவையே குற்றவாளிகள் என்பது பின்னால் தெரியவந்தது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, அது மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் பையின் உட்சுவரை அவை கெடுத்தன. இன்று சிகரெட் புகையில் இருக்கும் நச்சுகளும் அதே வழியில்தான் அதே பைக்கு வந்து சேருகின்றன. இந்த நோய்க்கு முதல் காரணம் இப்போது புகைதான்.

கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் போன வாரம் பார்த்தோம். அது ஸ்டேஜ். இந்த வாரம் கிரேடு, அதாவது கட்டியின் குணம். ரிப்போர்ட்டில் இந்த இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டுக் கலங்கிப்போகிறவர்கள் ஏராளம். இரண்டும் வேறு வேறு.

லோ கிரேடு கட்டியில் செல்களின் வரிசை பெரிதாகக் கலைந்திருக்காது. அதை எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப முளைக்கும். ஆனால் தசைக்குள் இறங்குவது அபூர்வம். ஹை கிரேடு என்றால் உட்கருக்கள் பெருத்து, கறுத்து, ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல் தாறுமாறாகக் கிடக்கும். முதல் வகைக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, குறித்த நாட்களில் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவந்தால் பெரும்பாலும் போதும். இரண்டாவதற்கு வாரம் ஒன்றாகப் பைக்குள் பி.சி.ஜி. மருந்து ஏற்றுவார்கள். சிலருக்குப் பையையே எடுக்க வேண்டிவரும். இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு மனிதரின் மிச்ச வாழ்க்கை முழுவதும் நிற்கிறது. அதனால்தான் இந்த இடத்தில் நான் அவசரப்பட மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், ஒரே ஸ்லைடை இரண்டு பெத்தாலஜிஸ்ட்கள் பார்த்தால் இரண்டு பதில் வரலாம். உலக சுகாதார நிறுவனம் 1973-ல் 1, 2, 3 என்று மூன்று கிரேடு வகுத்தது. சந்தேகம் வந்ததையெல்லாம் நடுவில் இருந்த இரண்டில் தள்ளிவிடும் பழக்கமும் கூடவே வந்தது. 2004-ல் அந்த நடு அறையை எடுத்துவிட்டு லோ, ஹை என்று பிரித்தார்கள். கோடு தெளிவானது. ஆனால் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கட்டிகள் அப்படியேதான் இருக்கின்றன. போதாததற்கு, மின்சாரக் கம்பியால் சுரண்டி எடுத்த துணுக்குகளின் ஓரம் கருகிப் போயிருக்கும். கருகிய செல்லில் உட்கரு நீண்டு இழுபட்டு, எதைப் பார்த்தாலும் பயமாகத் தெரியும்.

இங்கேதான் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் சாயம் உதவிக்கு வருகிறது. வழக்கமான நீலமும் இளஞ்சிவப்பும் செல்லின் உருவத்தைத்தான் காட்டும். அந்த நீலம், லாக்வுட் என்ற மத்திய அமெரிக்க மரத்தின் வைரத்திலிருந்து வருவது; ஒரு காலத்தில் துணிக்குப் போட்ட சாயம். புதிய முறை ஆன்டிபாடியை நம்பி நடக்கிறது. ஒரே புரதத்தை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். திசுத் துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டியிலிருந்து மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிமனில் ஒரு சீவல். வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி எடுப்பார்கள். மெழுகைக் கரைத்து, உப்புக் கரைசலில் கொதிக்க வைப்பார்கள். ஃபார்மலின் இறுக்கிவைத்த புரதங்கள் அந்தச் சூட்டில்தான் மறுபடியும் முகம் காட்டும். பிறகு ஆன்டிபாடி, அதன்மேல் ஒரு நொதி, கடைசியில் டி.ஏ.பி. சொட்டு. புரதம் இருக்கும் இடம் மட்டும் நிமிடங்களில் பழுப்பாகும். டி.ஏ.பி. என்பது டைஅமினோபென்சிடின். சாய ஆலைத் தொழிலாளர்களின் பையைக் கெடுத்த பென்சிடினின் நெருங்கிய உறவு. புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்ற சந்தேகம் இதன் மேலும் இருப்பதால், கையுறை இல்லாமல் தொடக்கூடாது; கழிவைத் தனிக் கேனில் சேர்க்க வேண்டும்.

பழுப்பு இருக்கிறதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். நல்ல சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஏழு அடுக்கு வரை செல்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அகலமான குடைச் செல்கள். ஒவ்வொன்றும் கீழேயிருக்கும் பல செல்களுக்கு மேல் குடை பிடித்தது போல விரிந்திருக்கும். சி.கே.20 என்ற புரதம் அந்தக் குடைகளில் மட்டும் பழுப்பாகத் தெரியும். சி.டி.44 அடித்தட்டில் மட்டும். பி53 ஆங்காங்கே மங்கலாக. சுவரோடு சுவராகத் தட்டையாகப் படரும் ஹை கிரேடு புற்றில் இந்த ஒழுங்கு குலையும். சி.கே.20 மேலிருந்து அடிவரை நிறையும், பி53 உட்கருக்களில் அடர்ந்து படியும், சி.டி.44 காணாமல் போகும்.

கல்லாலோ கிருமியாலோ, ஏன், பி.சி.ஜி. மருந்தாலோகூட வீங்கிச் சிவந்த சுவர் உருவத்தில் புற்றைப் போலவே ஏமாற்றும். அங்கே சி.கே.20 பெரும்பாலும் குடையைத் தாண்டாது. சி.டி.44-ஓ அடியிலிருந்து மேல்வரை பரவியிருக்கும். மூன்று ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ‘இது புண்தான், புற்று இல்லை’ என்று மனசு தெளியும் நிமிஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

பி53-ல் ஒரு பொறி உண்டு. அடர்ந்த பழுப்பு கெட்டது என்று மட்டும் பழகியவர், நிறமே இல்லாத ஸ்லைடை நல்லது என்று ஒதுக்கிவிடுவார். மரபணு அடியோடு கெட்டுப் புரதமே உருவாகாமல் போனாலும் ஸ்லைடு வெள்ளையாகத்தான் இருக்கும். பக்கத்து நல்ல செல்களில் லேசான பழுப்பு இருந்து, கட்டியில் மட்டும் துளிகூட இல்லையென்றால் அந்த வெறுமையும் ஆபத்துக் குறிதான்.

கி-67 என்ற ஆன்டிபாடி பிரியும் செல்களைக் காட்டும். ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1983-ல் பிறந்தது. ஆய்வகத் தட்டின் 67-வது குழியில் கிடைத்ததால் இந்தப் பெயர். கிரேடு ஏற ஏற இதன் எண்ணிக்கையும் பொதுவாக ஏறும். ராட்டர்டாம் ஆய்வாளர்கள் 2003-ல் இதே புரதத்தைக் காட்டும் மிப்-1 ஆன்டிபாடியை எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணு மாற்றத்தோடு சேர்த்து மூலக்கூறு கிரேடு ஒன்றை முன்வைத்தார்கள். பெத்தாலஜிஸ்ட் கண்ணால் போடும் கிரேடைவிட அது நோயின் போக்கை நன்றாகச் சொன்னது என்பது அவர்கள் முடிவு. அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பதிப்பிலும் கிரேடு உருவத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. அது சரி என்றே நான் நினைக்கிறேன். நூற்றுக்கு எத்தனை செல் பழுப்பானால் ஹை கிரேடு என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. பழுப்பு மிகுந்த மூலையில் எண்ணினால் ஒரு விடை, முழுக்கச் சுற்றி எண்ணினால் வேறு விடை. கருகிய ஓரம் பொய்யாகவும் சாயம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் விடை தெரிந்த வேறொரு திசுவை, கி-67 என்றால் டான்சிலை, கூடவே சாயமேற்றிச் சரிபார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டில் ‘ஹை கிரேடு’ என்று பார்த்ததும் கை நடுங்கும். முதலில் கேட்க வேண்டியது, தசை வரை துணுக்கு எடுத்தார்களா, சிறப்புச் சாயம் ஏதும் போட்டார்களா என்பது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி இன்னொரு பெத்தாலஜிஸ்ட்டிடம் காட்டலாம். அந்த மெழுகுக் கட்டி வருடக்கணக்கில் கெடாது. அதிலிருந்து இன்னும் சில சீவல்கள் எடுத்து மறுபடி சாயமேற்ற முடியும்.

(அடுத்த வாரம்: குழந்தைக்குக் கையில் போடும் பி.சி.ஜி. சிறுநீர்ப்பைக்குள் வந்த கதை)